ரயில்வே கேட்டுக்குத் தெற்கே ஒரு பேங்க்

இந்தியாவிலேயே மிக மரியாதையாக 'முடியாது' என்று சொல்லத் தெரிந்த மனிதர் திருப்பூரில் இருந்தார். பல ஊர்களில் வேலை பார்த்து, பலதரப்பட்ட மேலதிகாரிகளிடம் பலவிதமான 'முடியாது'களை வாங்கிச் சேர்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். மற்றவர்கள் முடியாது என்றால் நமக்கு முகம் சுருங்கும். அவர் சொன்னால், பரிசு வாங்கிக்கொண்டவர்கள் போலச் சிரித்துக்கொண்டே வெளியே வருவோம். தெருமுனை திரும்பிய பிறகுதான் வந்த காரியம் நடக்கவில்லை என்பது உறைக்கும்.

ஊரில் அவருக்குப் பெயர் 'இல்லீங்க'. நேரில் எல்லோருக்கும் அவர் அண்ணன். அவர் அந்தப் பக்கம் போனதும் 'இல்லீங்க'. எந்தப் பேச்சையும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுப்பது தொழில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரல் நுனிகளில் மட்டும் காய்ந்துபோன பசை.

ஓட்டலில் போய் உட்காருவார். "காப்பி கொண்டாரட்டுங்களாண்ணா?" என்பார் சர்வர். "இல்லீங்க" என்பார் இவர். பழகிய சர்வர் நகரமாட்டார். கொஞ்சம் பொறுத்து மிச்சம் வரும். "ஆறிப்போன காப்பி வேண்டாமுங்க. சூடா இருந்தாக் குடுங்க."

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவர் மனைவியே எனக்குச் சொல்லியிருக்கிறார். கூடம் நிறையப் பெரியவர்கள். பெண்ணின் தகப்பனார் கையைக் கட்டிக்கொண்டு, "மாப்பிள்ளைக்குப் பொண்ணு புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டாராம். "இல்லீங்க" என்றாராம் மாப்பிள்ளை. சமையல்கட்டில் ஒரு தட்டு கீழே விழுந்ததாம். மாப்பிள்ளை நிதானமாக முடித்தாராம்: "எனக்குப் புடிச்சிருக்குதான்னு எல்லாரும் கேக்கறீங்க. அவங்களுக்கு என்னையப் புடிச்சிருக்குதான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"எங்கப்பனுக்கு வேர்த்து ஊத்திப்போச்சுங்க தம்பி. ஆனா எனக்கு அப்பவே புடிச்சுப்போச்சுங்க" என்று அந்த அம்மாள் சிரிப்பார்.

அறுபதுகளில் நான் அந்த ஊரில் ஒரு சின்ன பேங்கில் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவன். எங்கள் பேங்க் ரயில் பாதைக்குத் தெற்கே, பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஒரு சந்தில் இருந்தது. நாலு மேஜை, ஒரு இரும்புப் பெட்டகம், வாசலில் ஒரு நீளப் பெஞ்சு. பக்கத்துக் கட்டடத்தில் மிஷின் ஓட ஆரம்பித்தால் எங்கள் மைப்புட்டிக்குள் அலையடிக்கும்.

கிளையின் தலைவரை அப்போது ஏஜெண்ட் என்பார்கள். எங்கள் ஏஜெண்டுக்கு வாடிக்கையாளர்களின் கையெழுத்தைவிடக் குரல் நன்றாகத் தெரியும். சாயங்காலம் ஷிப்டு விடும் நேரத்தில் பேங்கை மறுபடி திறந்து வைப்பார். கம்பெனிகளில் நூல் சுற்றும் பெண்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு வரிசையாக வந்து, கைநாட்டு வைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இல்லீங்க தினமும் வருவார். பேங்கில் அவருக்கு வேலை இருக்காது. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, கடன் கேட்டு வருகிறவர்களை முதல் கட்டமாக விசாரிப்பார்.

"ஏனுங், எதுக்குங்க கடன்?"

"மோட்டார் சைக்கிள் ஒண்ணு வாங்கலாம்னுங்கண்ணா."

"இல்லீங்க. மிஷின் வாங்குங்க. மோட்டார் சைக்கிள மிஷின் வாங்கிக் குடுக்குமுங்க."

வந்தவர் நன்றி சொல்லிவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். எங்கள் ஏஜெண்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

அப்படி இருக்கையில், ஒரு திங்கட்கிழமை காலை நாங்கள் வேலைக்குப் போனபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது.

சின்ன பேங்குகளைப் பெரிய பேங்குகளோடு சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. செய்தித்தாளில் படித்தபோது வேறு யாருக்கோ நடக்கிற கல்யாணம் போல இருந்தது. இப்போது பார்த்தால் நாங்கள்தான் பெண். மாப்பிள்ளை சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு மகா பெரிய பேங்க். போட்ட பணத்துக்குப் பாதுகாப்பு என்ற வகையில் அது நல்ல சம்பந்தம்தான். ஆனால் ஏஜெண்டுக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அவர் இடத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். சட்டைப்பையில் சீப்பு, கையில் தெர்மாஸ், வாயில் விதிமுறை.

முதல் வாரம் சாயங்கால நேரம் போயிற்று. இனிமேல் பகல் இரண்டு மணியோடு சரி. இரண்டாவது வாரம் வாசல் பெஞ்சு உள்ளே போயிற்று. பேங்க் என்ன பஸ் ஸ்டாண்டா என்று கேட்டார் மேனேஜர். அப்புறம், கைநாட்டு வைப்பவர்கள் பணம் எடுக்க வந்தால், ஒவ்வொரு தடவையும் சாட்சிக்கு ஓர் ஆள் கூட வரவேண்டும் என்றார். நூல் சுற்றும் பாவாத்தாள் தன் பணத்தைத் தானே எடுக்க, கூட வேலை செய்யும் ஒருத்தியும் அரைநாள் கூலியை விடவேண்டியதாயிற்று.

கடைசியில் தலையிலேயே இடி. பெரிய பேங்குக்கு ரயில் பாதைக்கு வடக்கே ஏற்கெனவே ஒரு கிளை இருந்தது. ஒரே ஊரில் இரண்டு எதற்கு? எங்கள் கிளையை மூடி, கணக்குகளையெல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வாடிக்கையாளர்கள் வந்து சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் போதும்.

வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கிளைக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான். அந்த விரல் அகலத்தில்தான் ரயில்வே கேட் இருந்தது. அந்தக் கேட்டை ஒரு தடவை சாத்தினால், நிச்சயதார்த்தம் பேசி முடித்துக் கல்யாணத் தேதியும் குறித்துவிடலாம்.

மேனேஜர் முதலில் இல்லீங்க அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். தெருவில் பெரிய மனிதர். அவர் போட்டால் எல்லோரும் போடுவார்கள் என்று கணக்கு. உட்கார வைத்து, தெர்மாஸ் காப்பி ஊற்றி, பேனாவைத் திறந்தே நீட்டினார். நான் பக்கத்து மேஜையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

"இனிமே நீங்க எங்க கஸ்டமர், சார்."

"இல்லீங்க."

"என்ன இல்லை?"

"நானு பணம் குடுத்தது பழைய பேங்குக்குங்க. உங்களுக்கு நானு எதுவும் குடுக்கலீங்களே."

"அந்த பேங்க் எங்களோட கலந்துடுச்சு சார். நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. உங்க ஊர் நொய்யல் ஆறு போய்க் காவேரியில கலக்குது இல்லையா? கலந்த அப்புறம் அது காவேரிதானே?"

"ஆறு கலக்கறது அங்க கெழக்கால, நெம்ப தூரத்துலீங்க. நம்ம ஊட்டுப் பக்கம் போற வரைக்கும் அது நொய்யல்தானுங்க."

மேனேஜர் பேனாவை மூடினார். இல்லீங்க காப்பியை முழுதாகக் குடித்து, "காப்பி நெம்ப நல்லா இருந்துச்சுங்க, நீங்க மகராசனா இருக்கோணும்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். மேனேஜரும் தன்னையறியாமல் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, உள்ளே திரும்பி என்னிடம், "எவ்வளவு பண்பான மனுஷர்ப்பா!" என்றார். பிறகு மேஜைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

அன்று சாயங்காலத்துக்குள் செய்தி தெரு முழுவதும் பரவிவிட்டது. மறுநாளிலிருந்து மேனேஜர் யாரைக் கூப்பிட்டாலும் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். குடும்பம் குழந்தைகளை விசாரித்தார்கள். பேனாவை நீட்டினால் மட்டும், "இல்லீங்க" என்று கும்பிட்டார்கள். நூல் கடை ராவுத்தர் ஒருபடி மேலே போய், "இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க, நம்ம கடைக்கு ஒருநா சர்பத் குடிக்க வாங்க" என்று அழைத்துவிட்டுப் போனார். யாரும் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, கல் விட்டெறியவில்லை. அதுதான் மேனேஜரை வாட்டியது. சண்டை போட்டால் மேலிடத்துக்கு எழுதலாம். உபசாரத்தைப் பற்றி என்னவென்று எழுதுவது?

எப்படியோ எழுதிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். கோட்டு, டை, கடுகடுத்த முகம். வந்தவுடனே மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தெர்மாஸில் இருந்த காப்பி ஆறியிருக்கும்.

"யார் அந்த ஆள்? கூப்பிடுங்க."

இல்லீங்க வந்தார். பின்னாலேயே சந்து முழுக்க ஆட்கள். சோற்று நேரம், பாவாத்தாளும் அவள் கூட்டாளிகளும் தூக்குப்போசியோடு ஓரமாக நின்றார்கள்.

"எதுக்காக எல்லாரையும் தூண்டிவிடறீங்க? உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார் அதிகாரி.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க சாமி."

"அப்ப இந்தக் கிளையை மூடினா உங்களுக்கென்ன? வடக்கே இருக்கிற கிளை இதைவிடப் பெரிசு. ஃபேன் இருக்கு. நடந்து போற தூரம்."

"நடந்து போற தூரந்தானுங்க. ஒருக்கா எங்ககூட நடந்து வந்துட்டுப் போங்க. அப்புறம் நீங்க எங்க கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறனுங்க."

அதிகாரி ஒரு கணம் யோசித்தார். மேனேஜரைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானே, வாங்க!" என்று கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். கோட்டைச் சுமந்துகொண்டு நானும் போனேன். வாழ்க்கையில் நான் கோட்டு போட்டதில்லை. அன்று ஒன்றுக்குக் காவலாக நடந்தேன்.

நூல் மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே, சாயத் தண்ணீர் ஓடிய சாக்கடையைத் தாண்டி, ஊர்வலம் போல கேட்டை நெருங்கினோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கேட்மேன் எங்களுக்காகவே காத்திருந்தவர் மாதிரி கேட்டை இறக்கினார்.

கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது. மெதுவாக வந்தது. நின்றது. யோசித்தது. பின்னால் போயிற்று. இரண்டு பெட்டிகளைக் கழற்றி விட்டுவிட்டு மறுபடி முன்னால் வந்தது. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. இன்னைக்கு நீங்க வந்திருக்கறதால சீக்கிரமாப் போகுதுங்க" என்றார் இல்லீங்க.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நிற்க முடியாமல், அதிகாரி ஒரு பார வண்டியில் கிடந்த பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் நின்ற பாவாத்தாளைப் பார்த்து, எதையாவது பேசவேண்டுமே என்று கேட்டது போலத்தான் இருந்தது:

"உங்க சம்பளத்துக்கு பேங்க் எதுக்கும்மா? வீட்டுல பத்திரமா வெச்சுக்கலாமே?"

"ஊட்டுல வெச்சா அவரு சீட்டாடிப்போடுவாருங்க."

"சரி, அதுக்கு வடக்கே இருக்கிற பேங்கும் போதுமே?"

பாவாத்தாள் தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ரேசன் கார்டு அவரு பேருலீங்க. ஊடு மாமனாரு பேருலீங்க. கம்பெனில என்னைய 'ஏ, வைண்டிங்கு'ம்பாங்க. இந்த பேங்குல மட்டுந்தானுங்க 'பாவாத்தாள்'னு முழுசாக் கூப்புடுவாங்க. பழைய ஏஜெண்டய்யா 'வாங்க'ம்பாருங்க. அங்க போறதுன்னா எனக்கு அரைநா கூலி போகுதுங்க. கூலியும் போயி, அங்க எம்பேரும் யாருக்கும் தெரியாதுன்னா, நானு எதுக்குங்க போகோணும்?"

அதிகாரி டையைத் தளர்த்திக்கொண்டார். அவர் கோட்டு என் கையில் திடீரென்று கனத்தது.

ஒருவழியாகக் கேட் ஏறியது. முட்டி மோதி வடக்கே போய்ச் சேர்ந்தபோது, அந்தக் கிளையின் காவலாளி இரும்புக் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

"நில்லுப்பா! உள்ளே போகணும்" என்றார் அதிகாரி.

"டைம் முடிஞ்சுருச்சுங்க. நாளைக்கு வாங்க."

"நான் யார் தெரியுமா? தலைமை அலுவலகம்!"

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கோட்டு என்னிடம் இருந்தது. சட்டை முழுக்கப் பஞ்சு. பூட்ஸில் சாயத் தண்ணீர். பின்னால் தூக்குப்போசியோடு ஒரு கூட்டம். "யாரா இருந்தாலும் ரெண்டு மணிக்கு மேல உடக்கூடாதுன்னு மெட்ராஸ்ல இருக்கற பெரிய ஆபீசரே எழுதியிருக்காருங்க" என்றார்.

எழுதியவர் அவரேதான். அது காவலாளிக்குத் தெரியாது; அதிகாரியின் முகத்தைப் பார்த்து எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. கதவு டமார் என்று சாத்திக்கொண்டது.

அப்போது இல்லீங்க முன்னால் வந்து அதிகாரியின் முதுகில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க சாமி. அவரு மேல தப்பு இல்லீங்க. கூலிக்காரரு, சொன்னதச் செய்யறாரு. வாங்க, ஒரு சோடா குடிச்சுட்டுத் திரும்பிப் போலாம்" என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாவாத்தாள் கூட்டமும் சேர்ந்துகொண்டது. திரும்பி வரும்போதும் கேட் சாத்தித்தான் இருந்தது. இந்தத் தடவை அவர் யாரும் சொல்லாமலே போய்ப் பஞ்சு மூட்டையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் கோலி சோடா சொன்னார்.

பெண்கள் நேரம் கழித்துக் கம்பெனிக்குத் திரும்பினார்கள். வாசலில் மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"எங்கடி போயிருந்தீங்க இந்நேரம்?"

"பேங்குப் பெரிய ஆபீசரோட கேட்டுல ஒக்காந்து சோடா குடிச்சுட்டு இருந்தமுங்க" என்றாள் பாவாத்தாள்.

"ஆபீசரு! உங்களோட! சோடா!" என்று மேஸ்திரி ஆரம்பித்தவர், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "தாமதம் என்னாலதான், மன்னிக்கணும்" என்று வந்த குரலைக் கேட்டுத் திரும்பினார். அதற்குள் அதிகாரி என்னிடமிருந்து கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் கை இடுப்பிலிருந்து தானாக இறங்கிக் கும்பிட்டது. அன்றைக்கு யாருக்கும் கூலியில் பிடித்தம் இல்லை.

சென்னைக்குப் போன அதிகாரியிடமிருந்து சில வாரங்களுக்குச் சத்தமே இல்லை. நாங்கள் தினமும் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். இல்லீங்க மட்டும் பெஞ்சு இல்லாத வாசலில் தன் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒருநாள் மேனேஜர் கையில் ஒரு கடிதத்தோடு எங்கள் மேஜைகளுக்கு ஓடிவந்தார். விதிமுறை பேசும் மனிதர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை.

"மூடலைய்யா! நம்ம கிளை மூடலை! சாயங்காலமும் திறக்கலாமாம்! கைநாட்டுக்குச் சாட்சி வேண்டாமாம், போட்டோ ஒட்டினாப் போதுமாம்!"

'நம்ம கிளை' என்று அவர் வாயில் வந்ததை அன்றுதான் முதலில் கேட்டோம். பெஞ்சை அவரே ஒருபக்கம் பிடித்து வெளியே தூக்கி வந்தார்.

தீபாவளி போலத் தெருவுக்கு ஒரு நோம்பி வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். ராவுத்தர் அண்டா நிறையச் சர்பத் கலந்தார். சாயங்காலம் ஷிப்டு விட்டதும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். மேனேஜர் எழுந்து நின்று, "பாவாத்தாள், வாங்க" என்று தெரு கேட்கக் கூப்பிட்டார். அவள் நடந்து வந்த நடையை நான் கல்யாணப் பெண்களிடம்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அதிகாரி மறுபடி வந்தார், இந்தத் தடவை குடும்பத்தோடு, ரயிலில். இல்லீங்க எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். இனிப்புக்கடைப் பெட்டி அவருக்குப் பிடிக்காது, தொழில் கௌரவம். சொந்தப் பெட்டிகளிலேயே அடைத்திருந்தார். அதிகாரியின் மனைவி கைக்கு வந்த பெட்டியில், 'ஆண்கள் ஜட்டி, பெரிய சைஸ், சாயம் போகாது' என்று அச்சடித்திருந்தது. அந்த அம்மாள் திறக்கலாமா வேண்டாமா என்று கணவரைப் பார்த்தார். அதிகாரி, "தைரியமாத் திற. இந்த ஊர்ல எதையும் வெளியே பார்த்து முடிவு பண்ணக்கூடாது" என்றார்.

சில வருடங்களில் எனக்கு மாற்றல் வந்தது. ஸ்டேஷனுக்கு இல்லீங்க தன் மனைவியோடு வந்திருந்தார். என் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி ரயிலில் ஏற்றினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "ஏனுங், இந்தத் தம்பி நம்ம ஒரம்பரைங்க. ராத்திரி சாப்புடாமத் தூங்கிப்போடும். சித்த எழுப்பி உடுங்க."

கொங்கு நாட்டில் சொந்தக்காரரை ஒரம்பரை என்பார்கள். பெரியவர் என்னை எந்த ஸ்டேஷனில் எழுப்பினார் என்பது நினைவில்லை. அண்ணன் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறு ஆறியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டேன்.